வற்றுக் கடலின் கரையிலே

(சங்கத்தின் கடற்கரைப் பயணத்துக்கு முந்திய மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



வருகிற பறுவத்தையொட்டி நமது சங்கத்து இளைஞர் வடகரைக்கு ஒருநாட் பயணம் போவதென்று தீர்மானமாகியிருப்பதை நீங்கள் அறிவீர்கள். கடல் வற்றிக் கிடக்கும் வேளையிலே அங்கு எவற்றைப் பார்க்கலாம், எப்படிப் பார்க்கலாம் என்பதை முன்கூட்டியே சொல்லிவைத்தால் பயணம் பயனுடையதாகும் எனச் செயலாளர் அவர்கள் கருதினார்கள். சர்வகலாசாலையிலே விலங்கியல் படிக்கிறவன் என்ற ஒரே காரணத்தால் அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. இந்தச் சபையிலே கடற்றொழிற் குடும்பங்களைச் சேர்ந்த பெரியவர்களும் இருக்கிறீர்கள். நான் புத்தகத்திற் படித்த பலவற்றை நீங்கள் காலாலும் கையாலும் படித்திருப்பீர்கள். நான் விட்டவற்றைப் பேச்சு முடிந்தபின் நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டுமென்று இப்பொழுதே கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, வற்று எப்போது வரும் என்பது. நமது கடலுக்கு நாளொன்றுக்கு இரண்டு வற்றும் இரண்டு பெருக்கும் உண்டு. ஒரு வற்றுக்கும் அடுத்த வற்றுக்கும் இடையே ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம் செல்லும். ஆதலால் இன்று காலை 8 மணிக்கு வற்றிய கடல் நாளைக் காலை 8.50 அளவிலேதான் வற்றும். சந்திரன் பூமியைச் சுற்றி நகர்ந்துகொண்டே இருப்பதனால் ஏற்படும் தாமதம் இது. சந்திரனும் சூரியனும் ஒரே நேர்கோட்டில் நின்று இழுக்கின்ற அமாவாசையிலும் பறுவத்திலும் பெருக்கும் பெரிது, வற்றும் பெரிது. சில இடங்களில் இது ஒன்றிரண்டு நாள் பிந்தியும் வரும். அட்டமியை அடுத்த நாட்களிலோ கடல் அதிகம் ஏறவும் மாட்டாது, இறங்கவும் மாட்டாது. இன்னொரு செய்தி: ஒரே ஊரில் பறுவத்துப் பெருவற்று எப்போதும் ஏறக்குறைய ஒரே வேளையிலேதான் வரும். கரைவலைக்காரர் கடிகாரம் பாராமலே வற்று நேரத்தைச் சொல்லுவதில் மந்திரம் ஒன்றுமில்லை. பிறையைப் பார்த்து நாளை எண்ணுகிறார்கள். கணக்குச் சரியாக வருகிறது.

ஆடி அமாவாசையன்று தந்தையை நினைந்து விரதமிருப்போர் கீரிமலைக்கும் மற்றத் தீர்த்தக் கரைகளுக்கும் போய் நீராடுகிறார்கள். தாயை நினைந்து இருப்பது சித்திராபௌர்ணமி விரதம். இரண்டும் கடல் மிகுதியாக ஏறி இறங்கும் காலங்கள். அதாவது, கடற்கரையை உற்றுப் பார்ப்பதற்கு ஏற்ற நாட்களிலே நமது வீட்டுப் பெரியவர்கள் தலைமுறை தலைமுறையாக அந்தக் கரையில் நின்றிருக்கிறார்கள். பார்த்தார்களா என்பது வேறு கேள்வி. ஈர வேட்டியோடு காற்றில் நிற்பவருக்குப் பாறையிடுக்கில் இருக்கும் நண்டைப் பார்க்க எங்கே மனம் வரும்?

நமது நாட்டிலே வற்றுக்கும் பெருக்கும் உள்ள வேறுபாடு பெரிதன்று. பறுவ காலத்திற்கூட ஏறக்குறைய முக்கால் மீற்றர்தான். கனடாவில் உள்ள பண்டி விரிகுடாவிலே இது 16 மீற்றர் வரை போகிறது. ஐந்து மாடி வீடு மூழ்கி எழும் கணக்கு. நமக்கு அந்தப் பாக்கியம் இல்லையென்று வருந்த வேண்டியதில்லை. நமது கரைகள் பல இடங்களில் தட்டையானவை. அரை மீற்றர் இறங்கினாலே போதும், பார்க்க ஒரு நாள் காணாத அளவு தரை வெளிப்பட்டுவிடும். ஆனால் நீரேற்றம் இவ்வளவு சிறிதாக இருப்பதனால் காற்றும் பருவமும் அதனை எளிதில் மாற்றிவிடும். அட்டவணையிலே வற்று என்று போட்டிருக்க, கரைநோக்கி அடிக்கும் காற்றினால் கடல் இறங்காமலே நிற்பதும் உண்டு. அப்படியானால் செயலாளர் மீது பழி சொல்லாதீர்கள்.

காங்கேசன்துறையிலிருந்து பருத்தித்துறைப் பக்கம் வரையுள்ள வடகரையின் பெரும்பகுதி சுண்ணாம்புக்கல். பழைய கடலொன்றின் அடியிலே படிந்து இறுகிய கல் அது. சில இடங்களில் அதனுள்ளே பழைய சிப்பிகளின் அச்சுக்களைக் கண்ணாற் காணலாம். மழைநீர் இந்தக் கல்லின் வெடிப்புக்களினூடாக இறங்கி நிலத்தடியில் ஓடிக் கரையிலே வெளிவருகிறது. கீரிமலை ஊற்று அப்படி வந்ததே. வற்று வேளையிலே கடலோரப் பாறைகளை நோக்கினால் இன்னும் சிறு கசிவுகள் தென்படும். கடும் பச்சை நிறமான பாசி ஓரிடத்தில் மாத்திரம் செழித்திருந்தால் அங்கே விரலை நனைத்து நாவில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் உப்புக் குறைந்திருக்கும்.

இனிப் பாறைக்கு வருவோம். பாறைக்குப் போகிறவர்கள் நேரே தண்ணீர் விளிம்புக்கு ஓடிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாமல், அலைத்துளி மாத்திரம் தெறிக்கும் மேற்புறத்தில் முதலில் நில்லுங்கள். அங்கே வெறுங்கல் போலத் தோன்றும். குனிந்து பார்த்தால் உழுந்தளவும் பயற்றளவுமாகச் சிறு நத்தைகள் வெடிப்புக்களில் அடுக்கடுக்காக ஒட்டிக்கொண்டிருக்கும். வாசலை ஒரு மூடியினால் அடைத்து, உள்ளே சிறிது ஈரத்தைச் சேமித்து, கால்வைக்க முடியாத சூட்டிலும் அவை பொறுத்திருக்கின்றன. அதற்குக் கீழே, கையைக் கீறும் வெள்ளைக் கூம்புகளாகக் கொட்டலசு. வள்ளத்தின் அடியில் ஒட்டி வேகத்தைக் கெடுக்கும் அதே இனம். இன்னும் கீழே, பாறையோடு பாறையாக மலை வடிவில் ஒட்டியிருக்கும் சிப்பிநத்தைகளும், முதுகிலே எட்டுத் தகடு அடுக்கிய கைற்றன் என்னும் பிராணியும். அதற்குக் கீழே பாசிகள். அதற்கும் கீழே, என்றும் நீர் வற்றாத இடத்தில், முருகைக்கல்லும் கடல் முள்ளியும்.

இந்த ஒழுங்கு எதனால் வந்தது? மேல் எல்லையை வெயில் வகுக்கிறது என்பது எளிதில் விளங்கும். தண்ணீரில்லாமல் அதிக நேரம் தாங்கக்கூடியது அதிக உயரத்திற் குடியிருக்கிறது. ஆனால் வெயிலைத் தாங்கவல்ல பிராணி, வசதியான கீழ்ப்புறத்தை விட்டு ஏன் மேலே போய்க் காய வேண்டும்? ஜோசப் கொனெல் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஸ்கொத்லாந்துக் கரையில் இதனைச் சோதித்து 1961 இல் வெளியிட்டார். அங்கே மேல்வரிசையில் ஒரு சிறிய கொட்டலசும் கீழ்வரிசையில் ஒரு பெரிய கொட்டலசும் உண்டு. பெரியதைச் சுரண்டி அகற்றிவிட்டபோது சிறியது கீழேயும் நன்றாக வாழ்ந்தது. பெரியது இருந்த இடத்திலோ அது நெருக்குண்டும் பெயர்க்கப்பட்டும் மடிந்தது. ஆகவே மேல் எல்லையை வெயிலும், கீழ் எல்லையை அயலவரும் வகுக்கிறார்கள். வேலிச் சண்டையிலே பெயர்பெற்ற நமக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை!

கொட்டலசைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. சிப்பியைப் போன்ற ஓடு இருப்பதனால் நெடுங்காலம் அதனைச் சிப்பியினத்திற் சேர்த்திருந்தார்கள். ஜோன் வோன் தொம்சன் என்பவர் 1830 இல் அதன் குஞ்சுப் பருவத்தைக் கண்டு, இது இறாலுக்கும் நண்டுக்கும் உறவென்று காட்டினார். குஞ்சாக நீந்தித் திரிந்து, ஓரிடத்தைத் தேர்ந்து, தலையைக் கல்லிலே ஒட்டி, சுற்றிலும் சுவரெழுப்பி, மிகுந்த ஆயுளெல்லாம் காலினாலே உணவை வாரி வாய்க்குள் தள்ளி வாழ்கிறது. டார்வின் தமது பெயர்பெற்ற நூலை வெளியிடுமுன் 1846 முதல் 1854 வரை எட்டு ஆண்டுகளை இந்தப் பிராணியின் ஆராய்ச்சியிலேயே செலவிட்டார். கைற்றனும் இலேசான ஆளன்று. கல்லிலுள்ள பாசியைச் சுரண்டித் தின்னும் அதன் பற்களின் நுனியில் காந்தக் கல்லின் இரும்புத் தாது படிந்திருக்கிறது. மலைவடிவச் சிப்பிநத்தைகளிற் சில, நீருள்ள வேளையில் ஊர்ந்து மேய்ந்துவிட்டு, வற்றுமுன் தாம் புறப்பட்ட அதே இடத்துக்குத் திரும்பிவந்து, தம் ஓட்டு விளிம்புக்குச் சரியாகப் பொருந்தும் தழும்பிலே அமர்கின்றன. ஒரு தடவை அதனைக் கத்தியால் நெம்பிப் பெயர்த்து வேறிடத்தில் வைத்தால், இறுகப் பொருந்தும் வீட்டை இழந்துவிடுகிறது. வெயிலில் ஈரம் காய்ந்து இறக்கவும் கூடும்.

பாறைப் பள்ளங்களில் தேங்கிய நீர் வேறோர் உலகம். பள்ளத்தினருகே வந்தவுடன் எல்லாம் ஒளிந்துவிடும். உங்கள் நிழல் நீரில் விழாதபடி உட்கார்ந்து, நூறு எண்ணும் வரை அசையாதிருங்கள். முதலில் துறவி நண்டு நடக்கத் தொடங்கும். ஆங்கிலப் பெயரைப் பார்த்து யாரோ தமிழாக்கிய பெயர் இது. வீட்டுக்காக இவ்வளவு சண்டை பிடிக்கும் துறவியை நான் வேறெங்கும் கண்டதில்லை. அதன் பின்னுடலுக்கு ஓடில்லை. இறந்த நத்தையின் கூட்டிலே அது குடியேறுகிறது. வளர வளரப் பெரிய கூடு தேடுகிறது. ஒரு பெரிய கூடு கரையொதுங்கினால் பல நண்டுகள் அளவு வரிசையில் நின்று, பெரியது அதற்குள் போக, அது விட்ட கூட்டுக்குள் அடுத்தது போக, இப்படியே கடைசிக் குஞ்சுவரை வீடு மாறுகின்றன. ஆகவே "வெறுங்கூடுதானே, எடுத்தால் என்ன?" என்று சட்டைப்பையில் போடுகிறவர் ஒரு குடும்பத்தை மாத்திரமன்று, ஒரு தெருவையே வீடற்றதாக்குகிறார்.

பள்ளத்தின் சுவரிலே பூப்போல விரிந்திருப்பது கடற்சாமந்தி. பூவன்று; இதழ்போன்றவை யாவும் இரை பிடிக்கும் கைகள். நீர் வற்றி வெளிப்பட்டபோது கைகளை உள்ளிழுத்துச் செங்கட்டி போலச் சுருங்கிவிடும். கற்களினிடையே, நல்வாய்ப்பிருந்தால், பேய்க்கணவாயும் காணலாம். மூன்று இருதயமும் நீல இரத்தமும் உடையது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கல்லின் நிறத்தை வாங்கிக்கொண்டு கல்லாகிவிடும். சோகியையும் இங்கே உயிரோடு பாருங்கள். தாயம் விளையாடி அதைக் கையில் உருட்டியவர்கள் நாம். உயிருள்ள சோகியை அறிந்தவர் எத்தனை பேர்? அதன் மெல்லிய சதைப்போர்வை ஓட்டின் முதுகு முழுவதையும் மூடி நிற்கும். ஓடு கண்ணாடிபோல் மினுங்குவது அதனாலேதான். இறந்து அலையில் உருண்ட சோகி விரைவில் மங்கிவிடுகிறது. கடையில் விற்கும் மினுங்கும் சோகி பெரும்பாலும் உயிரோடு பிடிக்கப்பட்டதே என்பதை இதிலிருந்து அறிந்துகொள்ளலாம்.

இப்பொழுது நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். வற்றுக் கரையின் செல்வத்திற் பெரும்பகுதி கல்லின் அடியிலே இருக்கிறது. வெயிலுக்குப் பயந்த நொய்ந்த உயிர்களெல்லாம் அங்கேதான் இருக்கும்: பாம்புபோல் கைநெளிக்கும் சிறு உடுமீன்கள், கடற்பஞ்சு, புழுக்கள், சிறு நண்டுகள், மீன்முட்டைகள். கல்லின் மேற்புறத்திலே ஒளியை உண்டு வாழும் பாசி. ஒரு கல்லைப் புரட்டிப் பார்த்துவிட்டு அப்படியே விட்டுவந்தால், அடியிலிருந்தவை வெயிலில் வெந்து இறக்கும். மேலிருந்த பாசி இருளில் அழுகும். ஒரே கல்லில் இரண்டு ஊர் அழிந்துவிடுகிறது. நாம் நாற்பது பேர் போகிறோம். ஆளுக்குப் பத்துக் கல் புரட்டினால் நானூறு கல். ஆகவே கல்லைத் தூக்குவதாயின் இருவர் சேர்ந்து உங்கள் பக்கமாக மெல்லத் தூக்குங்கள். ஒரு நிமிடம் பாருங்கள். இருந்தபடியே, விரல் நசியாமல், எதனையும் நசிக்காமல், திரும்ப வையுங்கள். அசையாத கல்லைக் கடப்பாரை போட்டு அசைக்க வேண்டாம்.

இது சிறுபிள்ளைகளுக்குச் சொல்லும் புத்திமதிபோல உங்களுக்குத் தோன்றலாம். பிலிப் ஹென்றி கொஸ் என்ற ஆங்கிலேயரின் வரலாற்றைக் கேட்டால் அப்படித் தோன்றாது. நான் படித்த மிஷன் பாடசாலையின் நூலகத்திலே அவருடைய மகன் எட்மண்ட் கொஸ் 1907 இல் எழுதி வெளியிட்ட 'தந்தையும் மகனும்' என்ற ஆங்கில நூல் இருந்தது. தந்தையார் 1810 இல் பிறந்தவர்; ஆழ்ந்த பக்தர், கூர்ந்த கண்ணுடைய இயற்கை ஆராய்ச்சியாளர். 1852 இல் உடல்நலத்துக்காக டெவன்ஷயர்க் கரைக்குப் போனவர், அங்கே பாறைப் பள்ளங்களிலே கண்டவற்றை அழகான படங்களோடு புத்தகமாக எழுதினார். கண்ணாடித் தொட்டியிலே கடல்நீரையும் பாசியையும் வைத்துக் கடற்பிராணிகளை வீட்டிலே வளர்க்கும் முறையை 1854 இல் வெளிவந்த இன்னொரு நூலாற் பரப்பினார். இங்கிலாந்து முழுவதும் அது பெரிய மோகமாயிற்று. சீமாட்டிகளும் குருமாரும் மாணவரும் கூடையும் சுத்தியலும் கொண்டு கரைக்கு இறங்கினார்கள். அவர் தாமே வகுப்பு நடத்திக் கூட்டமாக அழைத்துச் சென்றதும் உண்டு. தொட்டிக்குள் போனவற்றுள் மிகப்பெரும்பாலானவை சில நாளில் இறந்தன. இறந்தவற்றுக்குப் பதிலாக மீண்டும் கரைக்கு இறங்கினார்கள். ஐம்பது ஆண்டு கழித்து, தம் சிறுவயதிலே தந்தையோடு கண்ட பள்ளங்களின் செழுமை போய்விட்டது, சேகரிப்போரின் படை அதனை வாரிக்கொண்டு போய்விட்டது என்று மகன் எழுதுகிறார். தம் புத்தகங்களே அதற்குக் காரணமாயின என்பதைத் தந்தையார் அறிந்திருந்தார். அது அவருக்கு ஆறாத் துயராக இருந்ததென்றும் அதே நூலிற் காணலாம். கரையை வெறுத்தவன் எவனும் அதனை அழிக்கவில்லை. நேசித்தவர்கள் அழித்தார்கள், அவர்களை நேசிக்கச் செய்தவர் ஒரு நல்ல மனிதர். உங்களைக் கரைக்கு அழைக்கும் இந்த மேடையிலே நிற்கும்போது எனக்கு அவருடைய நினைவே வருகிறது.

இதற்கு எதிர்ப்புறமாக நமது நாட்டில் பிறந்த ஒருவரைச் சொல்லலாம். எட்வேட் பிரெடெரிக் கெலார்ட் 1819 இல் இலங்கையிற் பிறந்து இராணுவ வைத்தியராகப் பணிபுரிந்தவர். திருகோணமலைக் கரையிலே ஓடில்லாக் கடல்நத்தைகளைத் தேடிப் பார்த்தார். ஆரஞ்சு, ஊதா, கருநீலம் என்று நிறம் தீட்டிய, விரல் நீளமான மிருதுவான பிராணிகள் இவை. மதுசாரத்திலிட்டால் நிறம் போய், உருவம் சுருங்கி, இன்னதென்று சொல்ல முடியாத பிண்டமாகிவிடும். ஆகையால் உயிரோடு இருக்கும்போதே அவற்றை நிறத்தோடு வரைந்து வைத்தார். 1860 இல் அவர் இறந்துபோனார். பல ஆண்டுகளுக்குப் பின், 1906 இல், சேர் சாள்ஸ் எலியட் என்னும் அறிஞர் இந்தப் பகுதியின் கடல்நத்தைகளை ஆராய்ந்தபோது கெலார்டின் படங்கள் அவருக்கு ஆதாரமாயின. இன்று ஒவ்வொருவர் கையிலும் கமரா உள்ள தொலைபேசி இருக்கிறது. கெலார்ட் பல நாள் இருந்து வரைந்ததை நீங்கள் ஒரு விநாடியிற் பிடிக்கலாம். ஆனால் அவர் பல நாள் இருந்து பார்த்ததனாற் கண்டவற்றை அந்த விநாடி காட்டாது. ஆகவே ஒரு கொப்பியும் பென்சிலும் கொண்டுவாருங்கள்.

பாறைக்கரையை விட்டுத் தீவகத்துப் பக்கமும் பரவைக்கடற் பக்கமும் போனால் காட்சி மாறுகிறது. அங்கே சேறும் மணலும் சாதாளையும். சாதாளையிற் சில பாசியல்ல. நிலத்திலிருந்து கடலுக்குத் திரும்பிப்போன பூக்கும் புல். இறாலும் நண்டும் மீனும் குஞ்சுப்பருவத்தைக் கழிக்கும் தொட்டில் அது. அதனிடையே சிவந்த முடிச்சுக்கள் எழுந்த உடுமீனும், மணலில் பாதி புதைந்து கடலட்டையும் கிடக்கும். அட்டை மணலை விழுங்கி, அதிலுள்ள அழுகற் பொருளை உண்டு, சுத்தமணலைக் கழிக்கிறது. தோட்டத்துக்கு மண்புழு எப்படியோ கடற்றரைக்கு அட்டை அப்படி. நாம் அதனை உண்பதில்லை. உலர்த்திச் சீன தேசத்தவருக்கு விற்கிறோம். அந்த வியாபாரம் நூற்றாண்டுகள் பழையது. வெள்ளை அட்டையின் விலை ஏற ஏற, கரையோரத்தில் கால்தட்டக் கிடந்தது ஆழத்துக்குப் போய்த் தேடவேண்டியதாயிற்று. இந்தியா 2001 இல் அட்டை பிடிப்பதை முற்றாகத் தடைசெய்தது; இங்கே அனுமதிப்பத்திரம் பெற்றுப் பிடிக்கலாம். அண்மைக் காலத்தில் ஆழமற்ற கடலை வேலியடைத்து அட்டைப் பண்ணைகள் எழுந்துள்ளன. வருமானம் வருகிறதென்பாரும் உண்டு. வழக்கமாக வலைபோட்ட இடம் மறிபட்டதென்று முறையிடும் சிறு தொழிலாளரும் உண்டு. இரு சாராரும் இந்தச் சபையில் இருக்கக்கூடும். பண்ணையை எங்கே போடுவதென்பதை அந்தக் கரையில் தொழில் செய்வோரைக் கேட்டே தீர்மானிக்கவேண்டும் என்பது என் எண்ணம்.

சங்கைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தச் சங்கத்தார் என்னை மன்னிக்கமாட்டீர்கள். நமது கோயிலில் ஊதும் சங்கு, ஆழத்து மணலிலே புழுக்களைத் தின்று வாழும் ஒரு நத்தையின் வீடு. வற்றுக் கரையில் அதனை உயிரோடு காண்பது அரிது. ஆனால் ஆட்டுக்கடாக் கொம்புபோல முறுகிய, தட்டுத்தட்டாக அறைகளுள்ள ஒரு பொருள் கரையொதுங்கக் காணலாம். அது சங்கின் முட்டைக்கூடு. மற்ற நத்தைகள் பலவற்றின் குஞ்சுகள் நீரோட்டத்திலே நெடுந்தூரம் மிதந்துபோய்க் குடியேறும். சங்குக் குஞ்சோ கூட்டினுள்ளேயே முழு உருவம் பெற்று, வெளிவந்து அந்த இடத்து மணலிலே ஊர்கிறது. இதன் பொருளை யோசித்துப் பாருங்கள். ஒரு பாரிலே சங்கு முழுவதையும் வாரிவிட்டால், வேறு கடலிலிருந்து குஞ்சு மிதந்துவந்து அதனை நிரப்பப்போவதில்லை. வங்காளத்து வளையல் தொழிலுக்காக நமது கடலிலிருந்தும் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்தும் சங்கு ஏற்றுமதியானது பழைய செய்தி. 70 மில்லிமீற்றர் விட்டத்திலும் சிறிய சங்கை எடுக்கலாகாதென்ற விதி இங்கே ஏற்பட்டதன் காரணம் இதுவே. குறைந்தது ஒரு தடவையாவது முட்டையிட்ட பின்பு அகப்படட்டும் என்பது. வலம்புரியைப் பற்றியும் ஒரு வேடிக்கை சொல்லுகிறேன். நாம் வலம்புரி என்பதை விஞ்ஞானிகள் இடஞ்சுழி என்கிறார்கள். சண்டை ஒன்றுமில்லை. அவர்கள் கூர்ச்சுருளை மேலே வைத்துப் பார்க்கிறார்கள். நாம் அதனைக் கீழே வைத்துப் பிடிக்கிறோம். சங்கு ஒன்றே, பிடித்த கை வேறு.

இனி ஆபத்துக்கள். தாய்மார் இதனைக் கவனித்துக் கேட்பார்களென்று நினைக்கிறேன். கலங்கிய மணலிலே காலைத் தூக்கி வைக்காமல் இழுத்து இழுத்து நடந்தால் திருக்கை விலகிப்போய்விடும். மிதித்தாற்றான் வாலால் அடிக்கும். திருக்கையோ முள்மீனோ குத்தினால், பொறுக்கக்கூடிய சூட்டுநீரிலே காலை வைத்துக்கொண்டு தாமதியாமல் வைத்தியசாலைக்குப் போகவேண்டும். கூம்பு வடிவான, வலைப்பின்னற் கோலம் போட்ட அழகிய நத்தை அகப்பட்டால் தொடவேண்டாம். அது நஞ்சூசி எய்து மீன் பிடிப்பது. அவ்வினத்திற் சில மனிதரையும் கொல்ல வல்லவை. அந்த நஞ்சிலிருந்து கண்ட ஒரு மருந்து கடும் நோவைத் தணிப்பதற்கென்று 2004 இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. மருந்து இருக்கிறதென்று எண்ணி நஞ்சைத் தொடாதீர்கள்.

எல்லாவற்றிலும் பெரியது ஒன்று. இயல்பான வற்று இறங்குவதற்கு ஆறு மணித்தியாலம் செல்லும். 2004 மார்கழி 26 ஆந் திகதியும் ஒரு பறுவ நாள். அன்று ஆழிப்பேரலைகளுக்கு இடையே நமது நாட்டின் சில கரைகளில் கடல் நெடுந்தூரம் பின்வாங்கிற்று. ஒருபோதும் காணாத தரையும் துள்ளும் மீனும் தெரிந்தன. பார்ப்பதற்கு இறங்கியவர்களிற் பலர் திரும்பவில்லை. வடமராட்சி கிழக்கிலும் முல்லைத்தீவிலும் உறவினரை இழந்தவர்கள் இந்தச் சபையில் இருக்கிறீர்கள். அதனால் இதை அதிகம் பேச நான் விரும்பவில்லை. ஆனால் அன்று பிறவாத பிள்ளைகள் இன்று நம்மோடு பயணம் வருகிறார்கள். அவர்கள் அறிந்திருக்க வேண்டும்: கடல் சில நிமிடங்களிலே வற்றினால் அது சந்திரன் இழுத்த வற்றன்று. எதனையும் எடுக்க நிற்காமல், யாரையும் கேட்க நிற்காமல், உள்நாட்டை நோக்கி ஓட வேண்டும்.

கடைசியாகப் பெரியவர்களிடம் ஒரு விண்ணப்பம். ஒரு பிராணிக்கு உலகமெங்கும் வழங்கும் இலத்தீன் பெயரை நான் புத்தகத்திலிருந்து எடுத்துத் தரமுடியும். நமது கரையிலே அதற்கு வழங்கும் பெயர் புத்தகத்தில் இல்லை. உங்கள் வாயிலேதான் இருக்கிறது. கைற்றனுக்கு என்ன பெயர்? சிவந்த முடிச்சு உடுமீனுக்கு மயிலிட்டியில் ஒரு பெயரும் ஊர்காவற்றுறையில் வேறு பெயரும் உண்டா? பயணத்துக்கு உங்களில் இரண்டொருவராவது வரவேண்டும். இளைஞர் கொப்பியில் படம் வரையட்டும். நீங்கள் பெயர் சொல்லுங்கள். சேர்ந்த பெயர்களை வரும் ஆண்டு மலரிலே அச்சிடலாமென்று ஆசிரியர் சம்மதித்திருக்கிறார்.

வற்று நேரத்தை அட்டவணை பார்த்துச் செயலாளர் அறிவிப்பார். அந்த நேரத்துக்கு ஒன்றரை மணித்தியாலம் முன்னரே கரையில் நிற்க வேண்டும். இறங்கும் நீரைப் பின்தொடர்ந்து போய், அது திரும்பும்போது நாமும் திரும்பவேண்டும். வெறுங்காலோடு வராதீர்கள், வழுக்காத பழைய சப்பாத்து நல்லது. தொப்பி, குடிநீர், கொப்பி, பென்சில். போத்தலும் வாளியும் வேண்டாம்.